ஐந்தாவது ஆண்டின் அந்த ஏழு மாதங்கள்: கிரீன் கார்டு பெற்றோரும் மெடிகேரும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து, பிள்ளைகளோடு குடியிருக்கும் பெற்றோருக்கு, அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்குமா? கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "அதெல்லாம் கிடைக்காது" என்பார்கள். மீதிப் பேர் "பையன் இருபது வருஷமா மெடிகேர் வரி கட்டுறானே, தானா வந்துடும்" என்பார்கள். இரண்டும் தவறு. கிடைக்கும். ஆனால் தானாக வராது, பெரும்பாலும் இலவசமாகவும் வராது. கேட்டு வாங்க வேண்டும். அதுவும் உரிய மாதத்தில் கேட்க வேண்டும். மாதத்தைத் தவறவிட்டால் அதற்கான அபராதம் ஆயுள் முழுக்கக் கூட வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் தகுதி. வயது 65 ஆகியிருக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவர் என்றால் நிரந்தரவாசியாக, அதாவது கிரீன் கார்டு உள்ளவராக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவில் வசித்திருக்கவும் வேண்டும். கிரீன் கார்டோடு விமானம் விட்டு இறங்கிய தேதியிலிருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு. அதற்கு முன்னால் பார்வையாளர் விசாவில் வந்து போன மாதங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பிள்ளைகள் கட்டிய வரி பெற்றோருக்கு உதவாது. பார்ட் ஏ எனப்படும் மருத்துவமனைக் காப்பீடு இலவசமாகக் கிடைக்க 40 காலாண்டு உழைப்புக் கணக்கு (வேலை செய்து மெடிகேர் வரி கட்டியதன் கணக்கு) வேண்டும். அது அவருடையதாக இருக்கலாம், கணவன் அல்லது மனைவியுடையதாக இருக்கலாம். மகனுடையது, மருமகளுடையது செல்லாது. 2026-இல் ஒரு காலாண்டுக்கு 1,890 டாலர் சம்பாதித்திருந்தால் போதும். ஆண்டுக்கு 7,560 டாலர் சம்பாதித்தால் நான்கு காலாண்டும் ஏறிவிடும். ஐம்பத்தைந்து வயதில் வந்து பகுதிநேர வேலைக்குப் போகும் ஒருவர் பத்து ஆண்டில் 40-ஐ எட்டிவிடலாம். அவருக்கு 62 வயது ஆகிவிட்டால், அந்தக் கணக்கிலேயே 65 தாண்டிய துணைக்கும் பார்ட் ஏ இலவசம். ஆகவே வேலை செய்யத் தெம்பும் விருப்பமும் உள்ளவர்களுக்கு அந்தச் சிறு சம்பளத்தைவிட அந்தக் கணக்கின் மதிப்பு பெரிது.

இதில் ஒரு குழி உண்டு. "அம்மாதான் பேரக்குழந்தையைப் பார்த்துக்கிறாங்க, அவங்களுக்கே சம்பளம் போட்டா கணக்கு ஏறுமே" என்று சிலர் கிளம்புகிறார்கள். பிள்ளையின் வீட்டில் பெற்றோர் செய்யும் வீட்டு வேலைக்குச் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் வரிகள் பொதுவாகப் பொருந்தாது. வரி பொருந்தாத சம்பளத்துக்குக் காலாண்டும் ஏறாது. குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இறந்துவிட்டது, கடும் ஊனமுற்றிருப்பது போன்ற சில நிலைகள் மட்டும் விலக்கு.

இனி ஆதாரம். பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஐந்து ஆண்டு வசித்தது உண்மை, ஆனால் காகிதத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. வீட்டு வாடகை ஒப்பந்தம் மகன் பெயரில், மின்கட்டணம் மருமகள் பெயரில், போன் குடும்பத் திட்டத்தில். அப்பா பெயருக்கு ஒரு தபால்கூட வந்திருக்காது. ஆகவே வந்த முதல் மாதத்திலிருந்தே அவர்கள் பெயரில் தடம் விழ வேண்டும். மாநில அடையாள அட்டை, ஒரு வங்கிக் கணக்கும் அதன் மாதாந்திர அறிக்கைகளும், மருத்துவரைப் பார்த்த ரசீதுகள், வருமானம் சொற்பம் என்றாலும் ஆண்டுதோறும் தாக்கல் செய்த வரிப் படிவம். கூடவே பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகலும், இணையத்தில் எடுக்கக்கூடிய ஐ-94 பயண வரலாறும். ஆண்டுக்கு ஓர் உறை போட்டு வையுங்கள், ஐந்து உறை சேர்ந்தால் போதும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறை என்பதால், பள்ளிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் என்று கையில் இருப்பதையும் அதோடு வைத்துவிடுங்கள்.

சொந்த நாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் போய் வருவதால் வசிப்பு அறுந்துவிடாது. ஆறு மாதத்தைத் தாண்டும் பயணம்தான் ஆபத்து. தொடர்ந்து வசித்தாரா என்ற கேள்வி அங்கே எழும், நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இப்போது அந்த ஏழு மாதம். ஐந்தாண்டு நிறையும் மாதம் (அதற்குள் 65 ஆகியிருந்தால்), அதற்கு முந்தைய மூன்று, பிந்தைய மூன்று. 2021 ஆகஸ்டில் வந்து இறங்கியவருக்கு 2026 மே முதல் நவம்பர் வரை. வரும்போதே 65 தாண்டியவர்களுக்கும் இந்தக் கணக்குதான். அபராதம் எண்ணுவதும் 65-ஆவது பிறந்தநாளிலிருந்து அல்ல, இந்த ஏழு மாதம் முடிந்ததிலிருந்துதான். "எனக்கு ஏற்கெனவே 72 ஆகிவிட்டதே, ஏழு வருஷ அபராதமா?" என்று பயப்படத் தேவையில்லை. மெடிகேர் பதிவையும் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் நேரம் வாங்குவதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். ஐந்தாண்டு நிறையும் முன் கொடுத்த விண்ணப்பத்துக்கு "தகுதி இல்லை" என்று பதில் வந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். நிறைந்ததும் புதிதாகக் கொடுக்க வேண்டும். நிறைந்த பிறகு கொடுத்தால், கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியில் காப்பீடு தொடங்கும்.

இந்த ஏழு மாதம் போய்விட்டால் அடுத்த வாசல் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மட்டும். மருத்துவர் கட்டணம், வெளிநோயாளிச் சிகிச்சை ஆகியவற்றுக்கான பார்ட் பி-க்கு அபராதம், தவறவிட்ட ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் 10%. அது ஆயுள் முழுக்க. 2026-இல் பார்ட் பி மாதம் 202.90 டாலர். இரண்டு ஆண்டு தாமதித்தவர் 20% கூடுதலாக, ஏறக்குறைய 243.50 டாலர் கட்டுவார். அடிப்படைக் கட்டணம் ஏற ஏற அபராதமும் கூடவே ஏறும். பணம் கட்டி வாங்கும் பார்ட் ஏ-க்கு அபராதம் 10%தான். ஆனால் தாமதித்த ஆண்டுகளைப் போல இரண்டு மடங்கு காலத்துக்குக் கட்ட வேண்டும். மருந்துக்கான பார்ட் டி-யில் மாதத்துக்கு 1%, அதுவும் ஆயுள் முழுக்க.

விண்ணப்பத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, படிவம் மாறிப்போவது. இணையத்தில் "பார்ட் பி விண்ணப்பம்" என்று தேடினால் முதலில் வருவது சிஎம்எஸ்-40பி. அது ஏற்கெனவே பார்ட் ஏ உள்ளவர்களுக்கானது. உழைப்புக் கணக்கே இல்லாத பெற்றோருக்குப் பார்ட் பி கேட்க உரியது சிஎம்எஸ்-4040. பார்ட் ஏ கேட்க சிஎம்எஸ்-18-எஃப்-5. இணைய விண்ணப்பம் இந்த நிலையில் உள்ளவர்களுக்குப் பாதி வழியில் நின்றுவிடுவது வழக்கம். 1-800-772-1213 என்ற எண்ணில் அழைத்து நேரம் வாங்கி நேரில் போவதுதான் சுருக்க வழி. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் தமிழுக்கே கேட்கலாம், கட்டணம் கிடையாது. உள்ளே இருக்கும் ஊழியர் எல்லோருக்கும் இந்த ஐந்தாண்டு விதி பழக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. "40 காலாண்டு இல்லை, ஆகவே தகுதி இல்லை" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் நம்பித் திரும்பாதீர்கள். "பிரீமியம் கட்டி வாங்கும் பார்ட் ஏ-வும் பார்ட் பி-யும் வேண்டும், மறுப்பதானால் எழுத்தில் கொடுங்கள்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

அடுத்தது பணம். 2026-இல் 30 காலாண்டுக்குக் கீழே உள்ளவருக்குப் பார்ட் ஏ மாதம் 565 டாலர். 30 முதல் 39 வரை இருந்தால் 311 டாலர். உழைப்புக் கணக்கே இல்லாதவருக்கு ஏ, பி இரண்டும் சேர்த்து 767.90. அப்பா அம்மா இருவருக்கும் 1,535.80. இந்தத் தொகையைப் பார்த்ததும் "பார்ட் பி மட்டும் போதுமே, அது சட்டப்படி தனியாகவே கிடைக்குமே" என்று தோன்றும். கிடைக்கும், உண்மைதான். ஆனால் பணம் அடியோடு முடியாத நிலை இருந்தாலொழிய அந்த வழியில் போகாதீர்கள் என்பதே என் கருத்து.

ஏன் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இதய அடைப்பு என்று அப்பாவை ஆறு நாள் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அறுவை செய்த மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் ஆகியோரின் கட்டணத்தில் பார்ட் பி 80% ஏற்கும். அறை, செவிலியர், அறுவைக் கூடம், உள்ளே கொடுத்த மருந்து எல்லாம் மருத்துவமனையின் பில்லில் வரும். அந்த உள்நோயாளிக் கட்டணம் பார்ட் ஏ-வின் பொறுப்பு. பார்ட் ஏ இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி உங்களுடையது. அது லட்சம் டாலரைத் தாண்டுவது அரிதல்ல.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. மெடிகேர் மட்டும் இருந்தால் பார்ட் பி-யில் ஆண்டுக்கு 283 டாலர் டிடக்டிபிள் (காப்பீடு தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை) போக மீதியில் 20% நம்முடையது, அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த 20%-ஐ அடைப்பதற்குத்தான் மெடிகேப் என்ற துணைக் காப்பீடு. 65 வயது தாண்டி பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால், சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் எது இருந்தாலும் நிறுவனம் மறுக்க முடியாது, நோயைக் காட்டி விலையை ஏற்றவும் முடியாது. ஆனால் மெடிகேப் வாங்க ஏ, பி இரண்டும் வேண்டும். பி மட்டும் வாங்கியவருக்கு ஆறு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், அவரால் வாங்க மட்டும் முடியாது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்ட் ஏ சேர்த்துக்கொண்டு வந்தால், பெரும்பாலான மாநிலங்களில் நோய் விவரம் கேட்டு மறுத்துவிடலாம். எழுபது வயதில் நோய் விவரம் இல்லாதவர் யார்?

தனியார் நிறுவனங்கள் வழியாக மெடிகேரைப் பெறும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்கும் ஏ, பி இரண்டும் வேண்டும். அதில் நோயைக் காட்டி மறுக்க மாட்டார்கள், ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு, மாதக் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. பதிலுக்கு, பெரும்பாலும் அவர்கள் வலையமைப்பில் உள்ள மருத்துவரிடம்தான் போக வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். மகன் வேலை மாறி வேறு மாநிலம் போனால் பெற்றோரின் திட்டமும் மாறவேண்டி வரும். ஒரு மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் என்று மாறி மாறி இருப்பவர்களுக்கு மெடிகேப்தான் ஒத்துவரும். மெடிகேர் ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் அது செல்லும்.

பார்ட் ஏ டிடக்டிபிள் 1,736 டாலர் ஆண்டுக்கு ஒருமுறை என்று எண்ணிவிட வேண்டாம். மருத்துவமனை, நர்சிங் பராமரிப்பு இரண்டையும் விட்டு 60 நாள் தாண்டிவிட்டால், அடுத்த முறை சேரும்போது மறுபடி கட்ட வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு முறைகூட வரலாம். இன்னொன்றையும் மருத்துவமனையில் வாய்விட்டுக் கேளுங்கள்: "உள்நோயாளியாகச் சேர்த்திருக்கிறீர்களா, கண்காணிப்பில் வைத்திருக்கிறீர்களா?" கட்டிலில் மூன்று நாள் படுத்திருந்தாலும் கண்காணிப்பு என்று எழுதியிருந்தால் அது வெளிநோயாளிக் கணக்கு. பிறகு நர்சிங் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பும்போது, மூன்று நாள் உள்நோயாளியாக இருக்கவில்லை என்று மெடிகேர் அந்தச் செலவை ஏற்காது. 24 மணி நேரத்துக்கு மேல் கண்காணிப்பில் வைத்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு. தரும் தாளில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

சரி, அந்த ஐந்து ஆண்டு வரை என்ன செய்வது? பிள்ளையின் அலுவலகக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. பயணிகளுக்கான காப்பீடு பழைய நோய்களை ஒதுக்கிவிடும். திடீர்த் தாக்குதலுக்கு மட்டும் ஏதோ தரும், அதை நம்பி ஐந்து ஆண்டு ஓட்டக்கூடாது. உள்ள வழி, தனிநபர்கள் காப்பீடு வாங்க அரசு நடத்தும் சந்தையான மார்க்கெட்பிளேஸ். கிரீன் கார்டு கிடைத்ததிலிருந்து 60 நாளுக்குள் அங்கே பதிந்துகொள்ளலாம். பழைய நோய் தடையில்லை. வயதுக்கேற்ற விலையும் பெரும்பாலான மாநிலங்களில் 64-இல் நின்றுவிடுகிறது, 80 வயதுக்காரரும் அதே விலைதான் கட்டுவார். மாதக் கட்டணத்தைக் குறைக்கும் அரசு உதவித்தொகை கிடைக்குமா என்பது வரித் தாக்கலில் யாருடைய குடும்பமாகக் காட்டப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மகன் தன் வரியில் பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டினால், கணக்கில் வருவது மகனின் குடும்ப வருமானம். தனியாகத் தாக்கல் செய்தால் அவர்களுடைய சொந்த வருமானம் மட்டும்.

இதில் 2026-இல் ஒரு பெரிய மாற்றம். கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு ஆகாததால், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு கிடைக்காதவர்களுக்கு, வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம் இருந்தாலும் முன்பு உதவித்தொகை கிடைத்துவந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை நிறுத்திவிட்டது. இப்போது வருமானம் அந்தக் கோட்டை எட்டியிருக்க வேண்டும். 2026 காப்பீட்டுக்கு அது இருவர் குடும்பத்துக்கு 21,150 டாலர். சொந்த நாட்டில் வரும் ஓய்வூதியம், வீட்டு வாடகை, வட்டி எல்லாமே அமெரிக்க வரிப் படிவத்தில் காட்ட வேண்டிய வருமானம்தான். பலர் அதைக் காட்டாமல் விட்டு, வரிச் சட்டத்தையும் மீறி, இந்த உதவியையும் இழக்கிறார்கள்.

ஐந்தாண்டு நிறைந்த பிறகும், பார்ட் ஏ-க்குப் பணம் கட்ட வேண்டிய நிலையில் இருப்பவர் மெடிகேரில் சேராமல் மார்க்கெட்பிளேஸிலேயே உதவித்தொகையோடு தொடரலாம். சிலருக்கு அது மாதச் செலவில் மலிவாகவும் இருக்கும். ஆனால் பின்னால் மெடிகேருக்கு வரும்போது மேலே சொன்ன அபராதம் எல்லாம் எண்ணப்படும். உதவித்தொகையின் அளவோ சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது. ஆகவே அடுத்த ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு மெடிகேர் கட்டணத்தையே மாநிலம் கட்டும் கியூஎம்பி என்ற திட்டம் இருக்கிறது. பெற்றோரை வரவழைக்க நீங்கள் ஐ-864 பொறுப்புப் பத்திரம் கொடுத்திருந்தால், அவர்கள் குடியுரிமை பெறும்வரை அல்லது 40 காலாண்டு சேரும்வரை உங்கள் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கக்கூடும். அதனால் பலருக்கும் குடியுரிமைக்குப் பிறகுதான் இந்தக் கதவு திறக்கும். மெடிகேர் இப்படி வருமானம் பார்த்துத் தரும் உதவி அல்ல. அதை வாங்குவதால் அந்தப் பத்திரத்தின்படி உங்களிடம் பணம் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

மெடிகேர் தராதவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்: வழக்கமான பல் சிகிச்சை, காது கேட்கும் கருவி, கண்ணாடி, நீண்ட நாள் வீட்டுப் பராமரிப்பு. கண்புரை அறுவைக்குப் பின் ஒரு கண்ணாடி மட்டும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எதுவும் தராது. மெடிகேப்பில் சி, டி, எஃப், ஜி, எம், என் திட்டங்களில் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் டிடக்டிபிள் போக 80% கிடைக்கும். ஆயுள் முழுக்க 50,000 டாலர் வரை. அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர் அதன் எல்லைக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், திட்டத்திலிருந்தே நீக்கப்படலாம்.

கடைசியாக, ஊருக்குப் போயிருக்கும்போது நடக்கும் விபரீதம். சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் வாங்காதவர்களுக்குக் கட்டணம் தானாகப் பிடிக்கப்படாது. சிஎம்எஸ்-500 என்ற பில் தபாலில் வரும். பார்ட் ஏ-வும் இருந்தால் மாதாமாதம், பார்ட் பி மட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கெடு 25-ஆம் தேதி. முதல் பில்லைக் கட்டாவிட்டால் இரண்டாவது வரும், அதையும் விட்டால் மூன்றாவதாகக் கடைசி எச்சரிக்கை. அதுவும் போனால் பார்ட் பி ரத்து, பணம் கட்டி வாங்கிய பார்ட் ஏ-வும் கூடவே போகும். பிறகு அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டும். மெடிகேர் ஈஸி பே என்ற தானியங்கி வசதிக்கு எஸ்எஃப்-5510 படிவம் கொடுத்துவிட்டால் மாதம் 20-ஆம் தேதி வாக்கில் வங்கியிலிருந்து போய்விடும். அது தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதுவரை வரும் பில்லைக் கையால் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு மாறினால் புது முகவரியைச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் அனுப்பியது இதற்குப் போதாது. இரண்டும் வேறு வேறு அலுவலகம், ஒன்று மற்றொன்றுக்குச் சொல்லாது.